லைவ் போடுறம், சனம் நிக்குதில்லை: வன்னியில் நேரலை செய்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கோயில் திருவிழா, பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டி, சனசமூக நிலைய விழா என்று சில வருடங்களாக நேரலை செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்கும் தம்பி, தங்கச்சிமார் போன் எடுத்துக் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். "அண்ணை, ஆக்கள் வருகினமில்லை." "நடுவில எல்லாரும் போட்டினம்." "கொமெண்டில சண்டை பிடிக்கினம்." இவை காய்ச்சல் மாதிரி அறிகுறிகள். காரணம் பல நேரம் வேறு இடத்தில் கிடக்கும். ஆள் குறைந்ததற்குக் காரணம் ஒலிவாங்கியில் இருக்கும், சண்டைக்குக் காரணம் கமரா திரும்பிய திசையில் இருக்கும். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்த இடத்தில் வாசிக்கத் தொடங்குங்கள். யூடியூப்பை வைத்தே சொல்கிறேன். பேஸ்புக் மாறுபடும் இடத்தில் அதையும் சொல்வேன்.

"லைவ் போடவே விடுகுதில்லை"

யூடியூப்பில் முதல் தடவை நேரலையைத் திறந்தால் அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். திருவிழா அன்று காலையில் திறந்துவிட்டு மாலையில் நிற்க வேண்டாம், இரண்டு நாள் முந்தியே செய்யுங்கள். போனில் இருந்து நேரடியாகப் போட 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். 2025 ஜூலை 22 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தனியாக நேரலை செய்ய முடியாது. ஆகவே பள்ளிக்கூட ஊடகக் கழகம் என்றால் ஒரு ஆசிரியரின் பொறுப்பில் சனலை வையுங்கள். பேஸ்புக்கில் கணக்குக்கு 60 நாள் வயதும், பக்கத்துக்கு 100 பின்தொடர்வோரும் வேண்டும்.

"30 பேருக்கு மேல ஏறுதில்லை"

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். திரையில் தெரிவது இந்தக் கணத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை. மொத்தமாக வந்து போனவர்களின் எண் வேறு. இரண்டையும் இணைப்பது, ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் நின்றார் என்பது. இரண்டு மணி நேர நேரலைக்கு 600 பேர் வந்து ஆளுக்கு 4 நிமிடம் நின்றால் மொத்தம் 2400 நிமிடம். அதை 120 நிமிடத்தால் வகுத்தால் 20. அதாவது திரையில் 20 என்று காட்டிய நேரலைக்குள் 600 பேர் வந்து போயிருக்கலாம். அப்போது உங்கள் குறை விளம்பரத்தில் இல்லை, வந்தவர்களை நிறுத்த முடியாமையில் இருக்கிறது. அதே 600 பேர் 8 நிமிடம் நின்றால் எண் தானாக 40 ஆகிவிடும்.

நேரலை முடிந்ததும் யூடியூப் ஸ்டூடியோவின் பகுப்பாய்வுப் பக்கத்தில் மொத்தப் பார்வை, சராசரிப் பார்வை நேரம் இரண்டையும் எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். மொத்தமே குறைவென்றால் கீழே உள்ள நேரக் கணக்கையும் தலைப்பையும் பாருங்கள். மொத்தம் நன்றாக இருந்து நேரம் மட்டும் குறைவென்றால் ஒலி பற்றிய பகுதிக்குத் தாண்டிப் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. லண்டனில் ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டுவிட்டு அம்மம்மாவில் இருந்து பேரப்பிள்ளை வரை ஐந்து பேர் சுற்றியிருந்து பார்த்தாலும் எண் ஒன்றுதான். கோயில் நேரலைகளில் இது நிறைய நடக்கும். 30 என்ற எண்ணைக் கண்டு மனம் விடவேண்டாம்.

இனி நேரம். நம் பார்வையாளர்களில் பெரும்பகுதி கடல் கடந்து இருப்பவர்கள். இங்கே மாலை 6 மணிப் பூசை என்றால், கோடையில் ரொறன்ரோவில் காலை 8.30, லண்டனில் பகல் 1.30, பாரிசில் 2.30, சிட்னியில் இரவு 10.30. வேலை நாளென்றால் ஐரோப்பாவில் எல்லோரும் வேலையில் நிற்பார்கள். காலை 6 மணி அபிஷேகம் கனடாக்காரருக்கு முதல் நாள் இரவு 8.30, சாப்பிட்டுவிட்டு இருந்து பார்க்கக்கூடிய நேரம். ஆனால் லண்டன் அப்போது நித்திரை. பூசை நேரத்தை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. எந்தப் பகுதிக்கு யார் வருவார்கள் என்று தெரிந்து அறிவிப்பதுதான் நம் வேலை. "காலை அபிஷேகம், கனடா உறவுகளுக்கு வெள்ளி இரவு 8.30" என்று எழுதிவிட்டால் கணக்குப் பார்க்கும் சுமை அவர்களுக்கு இல்லை.

மார்ச்சிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கவனம் வேண்டும். அங்கெல்லாம் மணிக்கூட்டை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. கனடாவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. மார்ச் மாதம் கனடா இரண்டு, மூன்று வாரம் முந்திவிடும். அந்த வாரங்களில் பழைய அறிவிப்பைப் பிரதி பண்ணிப் போட்டால் ஒரு பகுதி ஆட்கள் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வருவார்கள்.

தலைப்பில் ஊர்ப் பெயர் முதலில் வரட்டும். "திருவிழா நேரலை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் படாது. ஒட்டுசுட்டான், மல்லாவி, புதுக்குடியிருப்பு, துணுக்காய், பரந்தன் என்ற பெயரைக் கண்டதும்தான் அந்த ஊர்க்காரரின் விரல் நிற்கும். ஆங்கில எழுத்திலும் ஊர்ப் பெயரைச் சேருங்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் அப்படித்தான் தேடுகிறார்கள்.

"நல்லா ஏறி வந்த எண் திடீரெண்டு விழுந்துபோச்சு"

ஒரே நிமிடத்தில் பாதிக்கு மேல் விழுந்தால் சனத்தின் மனம் மாறவில்லை, உங்கள் இணைப்பு அறுந்திருக்கிறது. நான்கு காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது டவர் நெருக்கடி. காலையில் ஆளில்லாத கோயில் வீதியில் சோதித்தபோது வேகம் நன்றாக இருந்திருக்கும். மாலையில் ஆயிரக்கணக்கான போன்கள் அதே டவரில் தொங்கும்போது உங்கள் படத்துக்கு வழி இருக்காது. வற்றாப்பளைப் பொங்கல் இரவில் கோயிலடியில் நின்று வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஆகவே பதிவேற்ற வேகத்தை எப்போதும் கூட்டம் நிற்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். கிடைக்கும் வேகத்தில் பாதியை மட்டும் பாவியுங்கள். விநாடிக்கு 5000 கிலோபிட் கிடைத்தால் 720பி தெளிவுள்ள படத்தை 2500 கிலோபிட்டில் அனுப்பலாம். 2000தான் கிடைக்கிறது என்றால் 480பி, 1000 கிலோபிட்டுக்கு இறங்குங்கள். தெளிவு குறைந்த படத்தைச் சனம் பொறுக்கும், சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்தைப் பொறுக்காது. கீஃபிரேம் இடைவெளியை (முழுப் படம் எத்தனை விநாடிக்கு ஒருமுறை போகும் என்ற அமைப்பை) 2 விநாடியில் வையுங்கள். 2500 கிலோபிட் படமும் 128 கிலோபிட் ஒலியும் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி தின்னும். இரவு முழுக்கப் போடுவதென்றால் டேட்டாவை அதற்கேற்ப முதலே போட்டுவிடுங்கள்.

கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் அந்த வீட்டு ஐயா அம்மாவிடம் போய்க் கேளுங்கள். நம் ஊரில் இதற்கு இல்லை என்று சொன்னவரை நான் கண்டதில்லை. ஒரு நீளமான லான் வயர் நான்கு சிம்மை விடப் பெறுமதி. வேறு வழியில்லை என்றால் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் ஒரே டவரில்தான் போய் நிற்கும்.

இரண்டாவது, அறுந்த இணைப்பைத் திருப்பி எடுத்த விதம். போன் செயலியில் நேரலை முடிந்துபோனால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். புதிய நேரலைக்குப் புதிய இணைப்பு முகவரி. பழையதில் காத்திருந்த 80 பேருக்கு நீங்கள் வேறு இடத்தில் இருப்பது தெரியாது. முன்பே நேரம் குறித்து ஒரு நேரலையை உருவாக்கி, ஸ்ட்ரீம் கீயை (அந்த நேரலைக்கென்று யூடியூப் தரும் இரகசிய எழுத்து வரிசையை) கணினியில் ஓபிஎஸ் போன்ற நேரலை மென்பொருளிலோ, அந்தக் கீயைக் கொண்டு ஆர்டிஎம்பி முறையில் அனுப்பும் போன் செயலியிலோ போட்டு அனுப்புங்கள். "தானாக நிறுத்து" என்ற அமைப்பை அணைத்து வையுங்கள். அப்படிச் செய்தால் ஐந்து நிமிடம் அறுந்தாலும் அதே முகவரியில் திரும்பி வரலாம், காத்திருந்தவர்கள் அங்கேயே இருப்பார்கள். இந்த ஒரு மாற்றம் எனக்குக் கொடுத்த பலனை வேறு எந்த உபகரணமும் கொடுக்கவில்லை.

மூன்றாவது வெயில். பங்குனி, சித்திரை, ஆடி வெயிலில் மைதானத்தில் நிற்கும் போன் அரை மணித்தியாலத்தில் கொதிக்கும். முதலில் படம் விக்கும், பிறகு செயலி தானாக மூடும். உறையைக் கழற்றுங்கள், நிழலில் குடைபிடித்து வையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். வேக சார்ஜரைக் குத்திக்கொண்டு நேரலை செய்ய வேண்டாம். சூடு இரட்டிப்பாகும். ஜெனரேட்டர் மாற்றும் அந்தச் சில விநாடிக்கு ரவுட்டர் அணையாமல் இருக்க அதற்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள்.

நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை: பாட்டு. சுவாமி வெளிவீதி வருமுன் ஒலிபெருக்கியில் போடும் பக்திப் பாடல் யாரோ ஒரு நிறுவனத்துக்கு உரிமையானது. யூடியூப்பின் தானியங்கி அதைக் கண்டுபிடித்தால் எச்சரிக்கை வரும், உங்கள் படத்துக்குப் பதிலாக ஒரு நிலைப்படம் வரலாம், பாட்டுத் தொடர்ந்தால் நேரலையே நின்றுவிடலாம். லவுட்ஸ்பீக்கர் தம்பியுடன் முதலே கதையுங்கள். பதிவுப் பாட்டுப் போகும் நேரத்தில் அவருடைய மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் கருவியில்) இருந்து உங்களுக்கு வரும் ஒலியை இறக்கிவிட்டு, ஒலிபெருக்கிக்குத் தூரமாக நின்று மைக்கில் நீங்கள் கதையுங்கள்.

"படம் கண்ணாடி மாதிரி, ஆனா ஒருத்தரும் இரண்டு நிமிசம் தாண்டி நிக்கினமில்லை"

நல்ல ஹெட்போன் ஒன்றைப் போட்டுக்கொண்டு உங்கள் பழைய நேரலையைக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் கேளுங்கள். உங்களாலேயே கேட்க முடியாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே போனை வைத்தால் மேளமும் மந்திரமும் ஒன்றாகி இரைச்சலாகத்தான் போகும். மிக்சரின் ரெக்கோர்டிங் வெளியீட்டில் இருந்து வயர் எடுத்து, போனுக்கு ஏற்ற நாலு தொடுமுனைப் பிளக்கில் கொடுங்கள். சத்தத்தை மிகக் குறைவில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். அதோடு சூழல் ஒலிக்கு ஒரு சிறிய மைக்கும் வேண்டும். மணிச் சத்தமும், சனத்தின் அரோகராவும், பின்னால் கச்சான் விற்பவரின் குரலும் இல்லாத திருவிழா அங்கே இருப்பவருக்கு ஊராகக் கேட்காது.

ஒலி சரியென்றால் அடுத்து, கமரா எதைப் பார்க்கிறது என்பது. இது எனக்கு விளங்க நாள் எடுத்தது. நான் சுவாமியையே காட்டிக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் தேடி வந்தது சுவாமியை மட்டும் இல்லை. தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் வேப்பமரம் நிற்கிறதா, குளக்கட்டு எப்படி இருக்கிறது, கோயில் கிணற்றைக் கட்டிவிட்டார்களா, காவடிக்குப் பின்னால் வருகிற அந்த அம்மா தன் சின்னம்மாவா? 2009க்கு முன்பே ஊரை விட்டுப் போய்த் திரும்பி வராத ஒருவருக்கு ஒழுங்கை முகப்பைக் காட்டும் பத்து விநாடி, பூசையின் பத்து நிமிடத்துக்குச் சமம். ஒவ்வொரு அரை மணித்தியாலமும் வீதியைச் சுற்றி மெதுவாக ஒரு முறை நடந்து வாருங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று வாயால் சொல்லுங்கள். "இது தேர்முட்டி. இதில இருந்து கிழக்கால போனால் குளம்." பார்வை நேரம் எப்படி மாறுகிறது என்று அந்தக் கொப்பியில் பிறகு பாருங்கள்.

"கொமெண்டே வருகுதில்லை"

முதலில் அமைப்புகள். "சிறுவர்களுக்கானது" என்று குறித்திருந்தால் நேரலைச் சாட் திறக்கவே திறக்காது. முன்பள்ளிக் கலைவிழாவை நேரலை செய்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். உண்மையிலேயே சிறுவர்களைப் பார்வையாளராகக் கொண்டது என்றால் அந்தக் குறியை மாற்றக் கூடாது. பெற்றோரும் உறவினரும் பார்ப்பதற்கான விழா என்றால் அது சிறுவர் நிகழ்ச்சி ஆகாது.

சப்ஸ்கிரைபர் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பு போன சண்டைக்குப் பிறகு அணைக்கப்படாமல் கிடக்கிறதா பாருங்கள். மெதுவான முறையில் (ஒருவர் ஒரு கொமெண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் காத்திருக்க வைக்கும் அமைப்பில்) 300 விநாடி என்று போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். பார்ப்பவர் "சிறந்த சாட்" என்ற தெரிவில் இருந்தால் சில கொமெண்டுகள் அவருக்குத் தெரியாது, "நேரலைச் சாட்" என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

அமைப்பெல்லாம் சரி, ஆனாலும் மௌனம் என்றால் நீங்கள் கேட்கும் கேள்வியில் பிழை. "எல்லாரும் கொமெண்ட் பண்ணுங்கோ, லைக் பண்ணுங்கோ" என்றால் யாருக்கும் எழுத ஒன்றும் இல்லை. "நீங்கள் எந்த ஊர், கடைசியாக எப்ப இந்தக் கோயிலுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுதினவரின் ஊரை வாய்விட்டு வாசியுங்கள். "முத்தையன்கட்டில இருந்து போய் இப்ப பிரான்சில இருக்கிற ஒரு அக்கா வந்திருக்கிறா" என்று சொன்னால், அதே ஊர்க்காரர் இன்னும் இரண்டு பேர் எழுதுவார்கள். அவர்கள் மூவரும் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கியபின் நீங்கள் குறுக்கிட வேண்டாம்.

"கமராவைத் திருப்பச் சொல்லுகினம், திருப்பினால் பிந்திப்போகுது"

நீங்கள் அனுப்பும் படம் அங்கே சேரச் சில விநாடி எடுக்கும். அவர் எழுதி நீங்கள் வாசித்துத் திருப்ப இன்னும் சில விநாடி. அதற்குள் அந்த அம்மா கடந்து போய்விடுவார். யூடியூப்பில் தாமதத்துக்கு மூன்று அளவுகள் உண்டு: சாதாரணம், குறைவு, மிகக் குறைவு. குறைவில் பெரும்பாலானோருக்கு 10 விநாடிக்குள்ளும், மிகக் குறைவில் 5 விநாடிக்குள்ளும் போய்ச் சேரும். ஆனால் தாமதத்தைக் குறைக்கும் அளவுக்குப் பார்ப்பவரின் பக்கத்தில் சேர்ந்து நிற்கும் படமும் குறையும். உங்கள் இணைப்புக் கொஞ்சம் தடுமாறினாலும் அங்கே படம் நிற்கும். கூட்டமான திருவிழாவுக்குச் சாதாரணத்தில் விடுங்கள். கேள்வி பதில் நிகழ்ச்சிக்குக் குறைவு போதும்.

இங்கே ஒரு விதி வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள். பெயர் சொல்லி ஒரு தனி ஆளைக் காட்டச் சொன்னால் காட்டுவதில்லை. "எங்கட அம்மா நிக்கிறா" என்று எழுதுபவர் உண்மையில் மகனாக இருக்கலாம். விலகிப் போன கணவனாகவும் இருக்கலாம், ஒரு பிள்ளையைப் பின்தொடர்பவனாகவும் இருக்கலாம். தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் நம் பகுதியில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். உதவிக்கு நிற்கும் தம்பி அந்த அம்மாவிடம் போய், "அம்மா, கனடாவில இருந்து ஒருத்தர் கேக்கிறார், காட்டட்டோ?" என்று கேட்கட்டும். அவர் தலையாட்டினால் காட்டலாம். மற்றவர்களுக்கு, "இன்னும் ஒரு நிமிசத்தில வடக்கு வீதிப் பக்கம் வாறம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பிந்திப்போகும் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும்.

"கொமெண்டில சண்டை பிடிக்கினம்"

கமரா பிடிப்பவர் சாட்டைப் பார்க்க முடியாது. ஆகவே மொடரேட்டர் (சாட்டைக் கவனித்து ஒழுங்குபடுத்துபவர்) இல்லாமல் நேரலை தொடங்க வேண்டாம். இரண்டு பேர் போதும். ஒருவர் இங்கே, ஊரையும் ஆட்களையும் தெரிந்தவராக. மற்றவர் வெளிநாட்டில், இங்கே நடுச்சாமம் ஆகும்போது விழித்திருப்பவராக. அதிகாலை 2 மணிக்கு உங்கள் ஆள் தூங்கி விழுவார். ரொறன்ரோவில் அப்போது கோடையில் மாலை 4.30. அந்த நேரத்தில் பொறுப்பை அங்கே கைமாற்றுங்கள். கோயில் நிர்வாகப் பிணக்கில் ஒரு பக்கம் நிற்பவரை மட்டும் நியமிக்காதீர்கள். அவர் நீக்கும் ஒவ்வொரு கொமெண்டும் அடுத்த சண்டைக்கு விறகு.

தடைச் சொற்பட்டியலில் தமிழுக்கென்று ஒரு நுட்பம் இருக்கிறது. தானியங்கி வடிகட்டி ஆங்கிலத்தில் பிடிக்கும் அளவு தமிழில் பிடிப்பதில்லை, பட்டியலை நாம்தான் எழுத வேண்டும். ஆனால் "நாய்" என்று போட்டால், "எங்கட நாய் இன்னும் அந்த வளவிலதான் நிக்குதோ" என்று கேட்ட பிள்ளையின் கொமெண்டும் போய்விடும். தமிழில் வசவு பெரும்பாலும் விளித்துத்தான் வரும். "நாயே" என்று விளி வடிவத்தைப் போடுங்கள், "நாய்" என்பதை விட்டுவிடுங்கள். மற்ற வசவுகளுக்கும் இப்படியே விளியையும் பன்மையையும் தனித்தனியாகச் சேருங்கள். அதையே ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று பார்த்து அவற்றையும் சேருங்கள். சாதியை இழுத்து எழுதுபவர்களுக்கு எச்சரிக்கை என்று ஒன்று என்னிடம் இல்லை. முதல் தடவையே மறைத்துவிடுவேன்.

நீக்குவது, சிறிது நேரம் எழுத விடாமல் வைப்பது, மறைப்பது மூன்றும் வேறு வேறு மருந்து. சூடு ஏறி ஒரு வரி எழுதிவிட்ட ஊர்க்காரரை ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், ஆறித் திரும்புவார். சண்டைக்கென்றே வந்தவரை மறையுங்கள். அவர் எழுதிக்கொண்டே இருப்பார், மற்றவர்களுக்குத் தெரியாது. பெயர் சொல்லி ஒருவரை விரட்டினோம் என்று அறிவிக்க வேண்டாம். சண்டை சாட் முழுக்கப் பரவிவிட்டால் மெதுவான முறையை 30 அல்லது 60 விநாடிக்குப் போட்டு, பத்து நிமிடத்தில் திரும்ப எடுங்கள்.

"யாரோ கோயில் பெயரில கணக்கு இலக்கம் போடுறான்"

இணைப்பு முகவரிகளைத் தடுக்கும் அமைப்பை நேரலைக்கு முன்பே இயக்கி வையுங்கள். பிறகு, "இந்தச் சாட்டில் நாங்கள் எந்த வங்கிக் கணக்கும் போடுவதில்லை, பணம் கேட்பவர் எவரும் எங்கள் ஆள் இல்லை" என்று தொடக்கத்திலேயே எழுதி, சாட்டின் மேலே நிலையாக நிற்கும்படி குத்தி (பின் பண்ணி) வையுங்கள். திருவிழா நேரலையில் நன்கொடை கேட்பதையே நிறுத்திவிட்டால் ஏமாற்றுகிறவனுக்கு ஒளிந்து நிற்க இடம் இல்லை.

பள்ளிக்கூட நடனத்திலும் விளையாட்டிலும் பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதும் அசிங்கங்களுக்கு இன்னும் கடுமை வேண்டும். அந்த நிகழ்ச்சிகளில் நான் சந்தேகமான கொமெண்டுகளை நிறுத்தி வைக்கும் முறையை இயக்கிவிடுவேன், பிள்ளைகளின் முழுப் பெயரைத் திரையில் எழுதுவதில்லை, நேரலையைப் பட்டியலிடாததாக வைத்துப் பெற்றோரின் குழுவுக்கு மட்டும் முகவரியைக் கொடுப்பேன். எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

"வெள்ள நேரத்தில வதந்தி ஓடுது"

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறக்கும் நேரலைக்கு வரும் சனம் திருவிழாவுக்குக்கூட வராது. 2018 டிசம்பரில் கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் போன நினைவு எல்லோருக்கும் இருக்கிறது. அந்த நேரத்தில் "குளம் உடைக்கப்போகுதாம்" என்று ஒருவர் எழுதினால், வட்டக்கச்சியில் பிள்ளையோடு இருக்கும் தங்கைக்கு மறு நிமிடமே சூரிச்சில் இருந்து அழைப்பு வரும். இங்கே அவள் இருட்டில் இறங்கி ஓடத் தொடங்குவாள்.

அப்படியான நேரலையில் மொடரேட்டருக்கு ஒரே வேலைதான். நீர்மட்டம் பற்றி எழுதுபவரிடம் "நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா?" என்று கேட்க வேண்டும். கேள்விப்பட்டதென்றால் உடனே நீக்க வேண்டும். நீங்கள் வாயால் சொல்வதும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகமும் அறிவித்ததை மட்டும், எத்தனை மணி அறிவிப்பு என்பதையும் சேர்த்து. பின்னுக்கு வருபவருக்கு அது பழைய செய்தி என்று தெரியவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சாட்டின் மேலே குத்தி வையுங்கள். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளைப் பரப்புவதையும் தொடுகிறது, ஆகவே உங்கள் சனலில் ஓடுவதை யாரோ எழுதியது என்று விட்டுவிட முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தத் தங்கைக்காக இதைச் செய்யத்தான் வேண்டும்.

"மே 18 நேரலையில என்ன செய்யிறது?"

இறுதிப் போரில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றும் நேரத்துக்குச் சாட்டை மூடிவிடுங்கள். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடலாம், பிறகு திறக்கலாம். அங்கே மண்ணில் விழுந்து அழும் தாயின் படத்துக்குக் கீழே அரசியல் சண்டையும் இதயக் குறிகளும் ஓடுவதை ஒருமுறை பார்த்தபின் நான் எடுத்த முடிவு இது. முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். தூரத்தில் நின்று சுடர்களைக் காட்டினால் போதும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தைக் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு அம்மா கையில் வைத்திருக்கும் படத்தைக் காட்டலாமா என்று அவரையே கேளுங்கள். பலர் காட்டச் சொல்வார்கள், அந்தப் படத்தை உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வெயிலில் இருக்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டும்.

"அழுகிற வீட்டைக் காட்டினால்தான் எண் ஏறுது"

ஏறும். கிடுகு வீட்டையும் ஒழுகும் கூரையையும், நடக்க முடியாத தகப்பனையும் நேரலையில் காட்டினால் எண் ஏறும், கொமெண்டும் குவியும், உதவியும் கொஞ்சம் வரும். அடுத்த நாள் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வகுப்பு முழுக்க அதைப் பார்த்திருக்கும். அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனபின்னும் தேடினால் அந்த வீடியோ வரும். உதவி செய்ய வேண்டுமென்றால் கமரா இல்லாமல் போங்கள். கணக்கு விபரத்தை உதவுபவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

எண் வேண்டுமென்றால் காட்ட வேறு நிறைய இருக்கிறது. பெரும்போக அறுவடையில் வயல் வரம்பில் நின்று ஒரு மணித்தியாலம் போட்டுப் பாருங்கள், வெட்டு இயந்திரம் வரும் நேரத்தை முதலே அறிவித்துவிட்டு. நாயாற்றில் காலையில் கரைவலை இழுப்பதைக் காட்டுங்கள். முறிகண்டியில் தேங்காய் உடைக்கும் இடத்தில் அரை மணித்தியாலம் சும்மா நில்லுங்கள், ஏ9 வீதியால் போய்வந்த ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கதை இருக்கும், அதை அவர்களே சாட்டில் எழுதுவார்கள்.

"முடிஞ்ச பிறகு வீடியோவைக் காணேல்லை"

யூடியூப் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலையைத்தான் தானாகச் சேமிக்கும். மாலை 5 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 வரை போகும் பொங்கலை நள்ளிரவில் நிறுத்தி இரண்டாம் பகுதியாகத் தொடங்குங்கள். இரண்டாம் பகுதியின் முகவரியை நிறுத்துவதற்கு அரை மணித்தியாலம் முன்பே சாட்டில் குத்தி வையுங்கள். பேஸ்புக்கில் ஒரு நேரலை 8 மணித்தியாலம் வரைதான். 2025 பெப்ரவரி 19க்குப் பிறகு போட்டவை 30 நாளில் அழிந்துவிடும். அதற்குள் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், கோயிலுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சேமித்த வீடியோவோடு சாட்டும் திரும்ப ஓடும் என்பதால், மறுநாள் மொடரேட்டருடன் இருந்து நேரத்தில் தப்பிப்போன கொமெண்டுகளை நீக்கிவிட்டுத்தான் முகவரியை ஊர்க் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும்.